தலையில் நட்ட நாற்றும் கதையின் மறுபாதியும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று நம் பழைய துறையினர் மடல் விடுத்தபோது, சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் காட்டும் நாட்டுவளம் குறித்து எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டோம். குறிப்புகளும் எடுத்தாயிற்று. ஆயினும் எழுத அமர்ந்த நாள்தோறும் வேறொரு செய்தி நெஞ்சில் வந்து நின்று, ‘முதலில் என் கணக்கைத் தீர்’ என்று கேட்டது. நாட்டுவளத்தைப் பிறர் எழுதிவிடுவர். இதனை நாம்தாம் எழுதவேண்டும். எனவே பொருளை மாற்றிக்கொண்டமைக்குப் பதிப்பாசிரியர் பொறுத்தருள்க.

செய்தி நம் தலையைப் பற்றியது. தலையின் உள்ளிருப்பதைப் பற்றியன்று, மேலிருப்பதைப் பற்றியது. அறுபத்து மூன்றாம் அகவையில் நாம் முடிமாற்று அறுவை செய்துகொண்டோம். இதனை அறிந்தவர் நம் இல்லத்தாரும் மக்களும் மருத்துவரும், மார்க்கத் தீர்ப்பு வழங்கிய முஃப்தி அவர்களுமே. இன்று மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் அறியட்டும்.

முடியைப் பற்றித் தமிழ் பேசியது கொஞ்சமன்று. ஆடவர் தலைமயிருக்கென்றே குஞ்சி, பித்தை, பங்கி, ஓரி என நிகண்டுகள் பெயர்களை அடுக்குகின்றன. நிலையினின்று தாழ்ந்த மாந்தருக்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை கூறிய வள்ளுவர், கூடா ஒழுக்கத்தைப் பேசுமிடத்தில், தலையை மழிப்பதும் வேண்டா, சடை வளர்ப்பதும் வேண்டா, உலகம் பழிப்பதை விட்டால் போதும் என்றும் கூறிவிட்டார். ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் காட்டிய காரணங்களைப் புறநானூற்றின் 191ஆம் பாட்டில் வகுப்புதோறும் நாம் விளக்கியதுண்டு. நன்மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், அடங்கிய சான்றோர் நிறைந்த ஊர். ஒருமுறை, இப்பாடலை நடத்திக்கொண்டிருக்கையில் கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நரைக்குக் காரணம் சொன்ன புலவர் வழுக்கைக்குக் காரணம் சொல்லவில்லையா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். அன்று நமக்கு அகவை நாற்பது. உச்சந்தலை ஏற்கெனவே வெளியாகியிருந்தது.

புலவர் சொல்லாத அக்காரணத்தை மருத்துவர் சொல்லிவிட்டனர். ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன், ஒரு நொதியின் செயலால் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் வேறொரு பொருளாகின்றது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்ப் பைகள், பிறவி வாகால், இப்பொருளுக்கு இளகிக்கொடுப்பனவாயின் அவை ஆண்டுக்காண்டு சுருங்குகின்றன. தடித்த முடி மெலிந்து, பூனைமயிராகி, பின் அதுவும் இல்லையாகின்றது. பருவமெய்துமுன் விதை நீக்கப்பட்டோர்க்கு இவ்வகை வழுக்கை விழுவதில்லை என்பதை 1942ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹாமில்டன் எடுத்துக்காட்டினார். ஆனால் பிடரியிலும் காதுகளுக்கு மேலும் உள்ள வேர்ப்பைகள் அச்சுரப்புக்கு அசைவதில்லை. எத்துணைப் பெரிய வழுக்கையர்க்கும் பின்தலையில் ஒரு பிறைவடிவ வேலி எஞ்சி நிற்பது இதனாலேயே.

இவ்வாகு நமக்குத் தந்தை வழி வந்தது. காவிரிப் பாசனத்து ஊரொன்றில் வேளாண்மை செய்த நம் அத்தா, நமக்கு நினைவு தெரிந்த நாள்முதல் வழுக்கைத் தலையர். வயலில் தலைத்துண்டு, பள்ளிவாசலில் தொப்பி, வீட்டுத் திண்ணையில் வெறுந்தலை. பிள்ளைகள் அத்தலையைத் தடவி விளையாடுவோம். அவர் இளநீர் வழுக்கையைச் சுரண்டி நம் வாயில் ஊட்டி, “இந்த வழுக்கையைத் தின்னு, அந்த வழுக்கையை விடு” என்பார். 1994ஆம் ஆண்டு அவர் இறையடி சேர்ந்தபோது, குளிப்பாட்டுவோரோடு நின்று அத்தலையின் மேல் கடைசியாக நீர் வார்த்தவர் நாமே. இதனை ஏன் இங்கே குறிக்கின்றோம் என்பது பின்னர் விளங்கும்.

பணியில் இருந்தவரை வழுக்கை நமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. 2017இல் ஓய்வு பெற்றோம். 2020இல் பெருந்தொற்று வந்து கல்லூரிகள் மூடப்பட்டபோது, சிறப்புச் சொற்பொழிவுகளைக் கணினித் திரைவழியே நிகழ்த்தும்படி நம்மை அழைத்தனர். அன்றுவரை நாம் நம் தலையைக் கண்ணாடியில் நேர்முகமாகப் பார்த்ததன்றிப் பிறர் காணும் கோணத்தில் பார்த்ததில்லை. திரையின் மூலையில் ஒரு சிறு கட்டத்துள், விளக்கொளி பட்டு மின்னும் ஒரு மண்டை, சிலப்பதிகாரம் பேசிக்கொண்டிருந்தது. கானல்வரியைப் பேசுகையிலும் நம் கண் அக்கட்டத்தைவிட்டு அகலவில்லை. நாற்பதில் வராத வெட்கம் அறுபத்தொன்றில் வந்தது. முதுமையில் மனிதன் ஆசையினின்று விடுபடுவான் என்பர்; சில ஆசைகள் பணி ஓய்வுக்காகவே காத்திருக்கின்றன.

எண்ணத்தை இல்லத்தாரிடம் வெளியிட்டோம். அவர் அடுப்பினின்று கண்ணெடுக்காமலேயே, “தொப்பி போடும் தலைக்குத் தோட்டம் எதற்கு?” என்றார். விடையிறுக்க இயலவில்லை. ஐவேளையும் தொப்பியணியும் ஒருவனுக்கு முடிக்கவலை ஏன் என்பது நியாயமான வினாவே. அதனினும் பெரியதொரு வினா நமக்கிருந்தது: மார்க்கம் இதனை ஏற்குமா?

நம் ஊர் மதரசாவின் முஃப்தி அவர்களிடம் சென்றோம். அவர் பொறுமையுடன் கேட்டு, இரண்டைப் பிரித்துக் காட்டினார். பிறர் முடியைத் தன் முடியோடு ஒட்டவைத்து உள்ளதை மிகுத்துக் காட்டுவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த செயல். தன் உடலின் ஓரிடத்து வேரை எடுத்துத் தன் உடலின் மற்றோரிடத்தில் ஊன்றி, அது இயல்பாக வளர்வது அதனின் வேறு. இழந்ததை மீட்கும் மருத்துவம். போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்குச் செய்துகொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்ததை எடுத்துக்காட்டினார். 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, முடி உதிர்ந்தோர்க்கு முடிநடுதலை இசைவுடையதாகக் கூறியதையும் சொன்னார்.

பின்னர், புகாரி நூலில் இடம்பெறும் மூவர் கதையை நினைவூட்டினார். இஸ்ரவேலர் சமூகத்தில் தொழுநோயர் ஒருவர், வழுக்கையர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர். இறைவன் அவர்களைச் சோதிக்க ஒரு வானவரை அனுப்பினான். வழுக்கையரிடம் வானவர், உமக்கு விருப்பமானது யாதென வினவ, அவர் அழகிய முடி வேண்டுமென்றார். வானவர் தடவிக்கொடுத்தார், வழுக்கை நீங்கி முடி வளர்ந்தது. செல்வமாகச் சினையுற்ற பசுவொன்றும் அளிக்கப்பெற்றது. முடி வேண்டுமென்று கேட்டமை குற்றமாயின் வானவர் அதனைத் தந்திரார் என்று அறிஞர் சிலர் இக்கதையினின்று முடிவு காண்கின்றனர் என்றார் முஃப்தி அவர்கள்.

நாம் மகிழ்ந்து எழுந்தோம். அவர் கையமர்த்தி, “பேராசிரியரே, அது கதையின் பாதி. மறுபாதியையும் வீட்டில் போய் வாசியுங்கள்” என்றார். வாசிக்கவில்லை. நமக்கு வேண்டியது முதற்பாதியில் கிடைத்துவிட்டது.

இந்நாளில் ஊருக்கு ஊர் விளம்பரப் பலகைகளில் காணும் இவ்வறுவையின் வரலாறு நம்மில் பலர் எண்ணுவதினும் பழையது. ஜப்பானிய மருத்துவர் ஒகுதா, தழும்பு விழுந்து முடியிழந்த இடங்களில், முடி வளரும் தோலைச் சிறு வட்டத் துண்டுகளாக எடுத்து நட்டு, 1939இல் எழுதி வெளியிட்டார். போர் மூண்டமையால் மேலைநாட்டார் அதனை அறியவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஆரன்ட்ரைக் 1952இல் ஆண் வழுக்கைக்கு முதன்முதலில் இம்முறையைக் கையாண்டு, 1959இல் கட்டுரையாக வெளியிட்டார். எடுத்த இடத்தின் குணமே நட்ட இடத்திலும் நிலைக்கும் என்பது அவர் கண்ட உண்மை. பிடரி முடி உச்சிக்கு இடம் பெயர்ந்தாலும் பிடரியின் குணத்தை விடாது, ஆகவே உதிராது. இவ்வொரு விதியின் மீதே இம்மருத்துவம் முழுதும் நிற்கின்றது.

தொடக்கத்தில் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள தோல்துண்டுகளை நட்டமையால், தலை பொம்மையின் தலைபோல் கொத்துக் கொத்தாகக் காட்சியளித்தது. முடி இயற்கையில் ஒன்றிரண்டு முதல் நான்கு வரையான சிறு குழுக்களாகவே தோலினின்று எழுகின்றது என்பதறிந்து, அக்குழுக்களையே தனித்தனியே நடும் முறை 1995ஐ ஒட்டி வகுக்கப்பட்டது. அதற்காகப் பின்தலையில் தோல்நாடா ஒன்றை வெட்டியெடுத்துத் தைப்பர்; நீண்ட தழும்பு எஞ்சும். நாடா வெட்டாமல், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நுண்குழல் கருவியால் ஒவ்வொரு குழுவாகப் பெயர்த்தெடுக்கும் முறை 2002இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. நமக்குச் செய்யப்பட்டது இதுவே.

முதலில் நாம் சென்ற இடம் ஒரு பெருநகரத்து நிலையம். நுழைவாயிலில் பளிங்கும் செயற்கை நீரூற்றும் இருந்தன. கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் ஒருவர் நம் தலையை ஒரே நொடி பார்த்து, ஐயாயிரம் வேர்கள் நடலாம், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். அறுவை செய்யும் மருத்துவர் யாரென்று கேட்டோம். “எங்கள் குழு செய்யும்” என்றார். குழுவில் மருத்துவர் யாரென்று மீண்டும் கேட்டோம். தேநீர் வந்தது, விடை வரவில்லை. வகுப்பில் வினாவுக்கு விடை தெரியாத மாணவனின் முகத்தை முப்பதாண்டுகள் பார்த்துப் பழகியவர் நாம். வெளியேறிவிட்டோம்.

பின்னர் நண்பர் ஒருவர்வழித் தோல் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்று அறுவைப் பயிற்சியும் பெற்ற ஒருவரைக் கண்டோம். அவர் முதல் நாள் தலையைத் தொடுமுன் வேறு பலவற்றைக் கேட்டார். குருதியழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, நெஞ்சு நோய்க்கு ஆஸ்பிரின் உட்கொள்கின்றோமா, புரோஸ்டேட் சோதனை எப்போது செய்தோம் என்றெல்லாம் வினவினார். முடிக்கும் புரோஸ்டேட்டுக்கும் என்ன உறவு என்று வியந்தோம். முடியுதிர்வைத் தடுக்க 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபினாஸ்டிரைடு மாத்திரை, அதற்குமுன் புரோஸ்டேட் வீக்கத்துக்கென வந்ததாம். அதனை உட்கொண்டால் புரோஸ்டேட் புற்றுநோய்க்கான குருதிச் சோதனையின் எண் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, இருக்கும் நோயை மறைத்துவிடக்கூடும். முதியோர் இதனை அறிந்திருக்கவேண்டும் என்றார். நெஞ்சுத்துடிப்புப் பதிவும் குருதிச் சோதனைகளும் முடிந்தபின்னரே நாள் குறித்தார்.

“ஐயாயிரம் அன்று, ஆயிரத்தெண்ணூறு நடுவேன். முன்தலை மட்டும். உச்சி வழுக்கையாகவே இருக்கும். உங்கள் பிடரியில் இருப்பது ஒரு சிறு நாற்றங்கால். அதனைக் கொண்டு எவ்வளவு வயல் நடமுடியுமோ அவ்வளவே நடவேண்டும். இருபது வயதுப் பிள்ளையின் நெற்றியை உங்களுக்கு வரையமாட்டேன்” என்றார். வேளாளன் மகனிடம் அவர் பேசிய இம்மொழிக்காகவே அவரை நம்பினோம்.

2023 சனவரித் திங்களில் ஒருநாள் காலை ஏழரை மணிக்கு அறுவை தொடங்கியது. முதலில் பின்தலையை மழித்து, உணர்விழக்கச் செய்யும் ஊசிகளைச் சுற்றிலும் போட்டனர். வலி என்று சொல்லத்தக்கது அவ்வூசிகளின் வலியே. பின்னர்த் தலை நம்முடையதன்று. குப்புறப் படுத்திருக்கையில் நுண்குழல் சுழலும் ஓசை, தொலைவில் ஓடும் நீரிறைப் பொறிபோல் கேட்டது. பெயர்த்தெடுத்த வேர்களைச் செவிலியர் இருவர் குளிர்ந்த உப்புநீர்க் கிண்ணங்களில் இட்டு, பெருக்காடியின்கீழ் ஒருமுடி, இருமுடி, மூன்றுமுடி எனப் பிரித்து அடுக்கினர். நாற்றங்காலில் பறித்த நாற்றைக் கட்டிய கட்டுக்கும் ‘முடி’ என்றுதானே நம் உழவர் பெயரிட்டனர்! அத்தா வரப்பில் நின்று நாற்றுமுடிகளை எண்ணியது நினைவுக்கு வந்தது. வேர் காய்ந்தால் நாற்று பிழைக்காது. பறித்ததை விரைந்து நடவேண்டும். இங்கும் அதுவே விதி.

நண்பகல் லுஹர் தொழுகைக்கும் உணவுக்கும் இடைவேளை விட்டனர். பின்னர் மல்லாந்து படுத்தோம். நெற்றியோரத்தில் ஒருமுடி வேர்களையும், பின்னே செல்லச் செல்ல இருமுடி மூன்றுமுடி வேர்களையும், முடி முன்னாளில் சாய்ந்திருந்த திசையறிந்து, சாய்வாகக் கீறிய நுண்பிளவுகளில் ஊன்றினர். மாலை ஐந்தரைக்கு முடிந்தது. ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வேர்கள் என்று எண்ணிச் சொன்னார். செலவு எழுபதாயிரம் ரூபாயைக் கடந்தது. அத்தொகையில் அத்தா எத்தனை மா நிலத்துக்கு நடவுக்கூலி கொடுத்திருப்பார் என்று மனம் கணக்கிட்டது, அக்கணக்கை முடிக்கவில்லை.

அன்றிரவு நாற்பத்தைந்து பாகை சாய்வில் அமர்ந்தவாறே உறங்கினோம். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் இறங்கிக் கண்ணிமைகளை மூடியது. இல்லத்தார் நம் முகத்தைப் பார்த்து, “அழகுக்குப் போய் வந்தீர்கள், அடிபட்டு வந்தவர்போல் இருக்கிறீர்கள்” என்றார்.

உடல்வலியினும் மிக்கது வேறொன்று. நட்ட வேர்கள் ஊன்றும்வரை குனிதலோ, நெற்றியை நிலத்தில் ஊன்றுதலோ கூடாது என்று மருத்துவர் விலக்கியிருந்தார். அதனால் ஒளுவில் காதுகளுக்கு மேலுள்ள பகுதியை மட்டும் ஈரக்கையால் தடவி, நாற்காலியில் அமர்ந்து, சைகையால் தொழுதோம். நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகை இதுவென முஃப்தி அவர்கள் உறுதிசெய்திருந்தார். ஆயினும் மனம் ஒப்பவில்லை. நோய் தானாக வந்து சுஜூதைத் தடுப்பது வேறு. நாமே பணம் கொடுத்துத் தடுத்துக்கொள்வது வேறு. பதினோராம் நாள் ஃபஜ்ர் தொழுகையில் நெற்றி மீண்டும் பாயைத் தொட்டபோது எழ மனமில்லாது நெடுநேரம் கிடந்தோம்.

மூன்றாம் வாரத்தில் நட்ட முடிகளெல்லாம் உதிரத் தொடங்கின. தலையணையில் சிறுசிறு துணுக்குகள். மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தும் நெஞ்சு கலங்கியது. தொலைபேசியில் அழைத்தோம். “நட்ட பயிர் முதலில் வெளுக்கும், பிறகுதான் பச்சை பிடிக்கும். வேளாளன் பிள்ளைக்கு நானா சொல்லவேண்டும்?” என்றார். தண்டு உதிரும், வேர் உள்ளே உறங்கும். நான்காம் திங்களில் மெல்லிய முடிகள் தலைகாட்டின. முடி திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஓராண்டு நிறைந்தபோது முன்தலையில், அடர்த்தி குறைந்ததாயினும், சீவத்தக்க நரைமுடி இருந்தது.

கதையின் முதற்பாதி இத்துடன் முடிந்தது.

முடி வந்தபின் நம் நடையே மாறிற்று. திருமண அவைகளில் ‘ஐயா இளமை திரும்பிவிட்டீர்கள்’ என்றோர்க்குச் சிரித்து விடையிறுத்தோமேயன்றி உண்மையைக் கூறவில்லை. கேளாதார்க்குக் கூறும் கடமை இல்லை என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கேட்கவேண்டிய ஒருவர் நேரே வந்து கேட்டார்.

அவர் நம் பழைய மாணவர், முப்பதைக் கடந்தவர், வெளியூரில் பணி. முன்தலையும் உச்சியும் வெறுமையாகியிருந்தன. இருமுறை பெண்பார்த்துப் பேச்சு முறிந்ததாம்; முறிந்த காரணத்தை அவர் சொல்லாமலே அறிந்தோம். சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, தாழ்ந்த குரலில், “ஐயா, வகுப்பில் தங்களை வழுக்கையோடு பார்த்திருக்கின்றேன். இப்போது எப்படி என்று கேட்கலாமா? எனக்கும் ஒரு வழி தெரிந்தால்…” என்றார்.

அப்போது நடுக்கூடத்தில் உறவினர் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்கள் செவியில் விழுமே என்ற ஒரு நொடித் தயக்கம். நம் வாய் சொல்லிற்று: “எங்கள் அத்தாவுக்கும் முதுமையில் இப்படித்தான் முடி திரும்ப முளைத்தது. இது எங்கள் வம்சவாகு.”

அவர் தலைகுனிந்து, “எங்கள் வம்சத்தில் அப்படி இல்லையே ஐயா” என்று எழுந்து சென்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. முஃப்தி அவர்கள் வாசிக்கச் சொன்ன மறுபாதி நினைவுக்கு வர, நூலை எடுத்து விரித்தோம். ஆண்டுகள் கழித்து அதே வானவர், வழுக்கையராயிருந்தவரிடம், அவருடைய பழைய உருவிலேயே, வழுக்கையராக, ஏழை வழிப்போக்கராக வருகின்றார், உதவி கேட்கின்றார். அவர் மறுக்கின்றார். உம்மை முன்னர் வழுக்கையராக, ஏழையாகக் கண்ட நினைவுண்டே என்று வானவர் வினவ, இவையெல்லாம் என் முன்னோர்வழி வந்தவை என்கின்றார் அவர். பொய்யாயின் இறைவன் உம்மைப் பழைய நிலைக்கே ஆக்கட்டும் என்று கூறி வானவர் அகல்கின்றார். மூவருள் சோதனையில் தேறியவர், தமக்குப் பார்வை தந்தவன் இறைவனே என்று ஒப்பிய அந்தப் பார்வையற்றவர் ஒருவரே.

முன்னோர்வழி வந்தது என்னும் அச்சொல்லையே நாமும் சொல்லியிருந்தோம். அதற்கு மேலும் ஒன்று செய்திருந்தோம். எந்தத் தலையின்மேல் நம் கையால் கடைசி நீர் வார்த்தோமோ, அந்தத் தலையைப் பற்றியே பொய் சொல்லியிருந்தோம்.

மறுநாள் காலையே அழைத்து உண்மையைக் கூறியிருக்கவேண்டும். நாளை, நாளை என்று நாணத்தால் தள்ளினோம். நான்கு திங்கள் சென்றன. பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவரைக் கண்டோம். காதுவரை இழுத்துவிட்ட குல்லாய். தொழுகை முடிந்து தனியே அழைத்துக் கேட்டபோது அதனைக் கழற்றிக் காட்டினார். குறைந்த கட்டணம் என்று விளம்பரம் செய்த ஓர் அழகு நிலையத்தில் நட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே மருத்துவர் எவரும் வரவில்லையாம். பிடரியில் அளவுக்கு மீறிப் பெயர்த்தெடுத்ததால் அந்துப்பூச்சி அரித்த கம்பளம்போல் திட்டுத்திட்டாக வெறுமை. முன்தலையில் சீழ்கோத்து ஆறிய தழும்புகள். நட்டவை பெரும்பாலும் பிழைக்கவில்லை. பிடரியில் எடுத்த வேர் மீண்டும் அங்கே முளைக்காது, இழந்தது இழந்ததே.

பள்ளிவாசல் திண்ணையில் வைத்தே நாம் தொப்பியைக் கழற்றி, உண்மையனைத்தையும் கூறினோம். அத்தா வழுக்கையராகவே மறைந்தார் என்பதையும் கூறினோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின், “அன்று சொல்லியிருந்தால் தங்கள் மருத்துவரிடம் போயிருப்பேன் ஐயா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சினந்திருந்தால் தாங்கியிருப்போம்.

நம் மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். சீழும் வடுவும் மருத்துவத்தால் ஓரளவு தணிந்தன. எஞ்சிய பிடரி முடியைக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

2025 சனவரியில் உம்ரா செல்லும் பேறு நமக்கும் இல்லத்தாருக்கும் வாய்த்தது. முன்னர் 2011இல் ஹஜ்ஜின்போது மொட்டைத்தலையில் சவரக்கத்தியை ஓட்டிய நாவிதர், ஒரு மயிரும் வீழாதிருந்தும் முழுக்கூலியும் வாங்கிக்கொண்டதை எண்ணிச் சிரித்ததுண்டு. இம்முறை சஃபா மர்வா ஓட்டம் முடிந்து நாவிதர் கடைமுன் நின்றபோது சிரிப்பு வரவில்லை. ஆடவர் முடியைச் சிறிது குறைத்துக்கொண்டாலும் கடமை நிறைவேறும். ஆனால் மழித்தோர்க்கு நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறையும், குறைத்தோர்க்கு ஒருமுறையும் இறைஞ்சினார்கள் என்பது யாவரும் அறிந்தது. மழித்தால் மீண்டும் வளரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேர் தோலுக்குள் பத்திரமாக உள்ளது. அறிவு அதை அறியும்; ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டையும் எண்ணி வைத்திருந்த மனம் அறியவில்லை. நாவிதர் உருதுவில், மழிக்கவா, குறைக்கவா என்றார். மழிக்கச் சொன்னோம். வெள்ளை முடிகள் மடியில் வீழ்ந்தன. கண்ணாடியில் அத்தாவின் தலை தெரிந்தது.

வெளியே காத்திருந்த இல்லத்தார், “இதற்கா எழுபதாயிரம்?” என்று கேட்டு, முதன்முறையாக அத்தலையைத் தடவிப் பார்த்தார்.

முடி மீண்டும் வளர்ந்துவிட்டது. இப்போது கேட்போர்க்கெல்லாம் ‘நட்டது’ என்று ஒரே சொல்லில் விடை கூறுகின்றோம்.

மாணவச் செல்வங்களுக்குச் சில சொற்கள். வழுக்கை நோயன்று, இழிவுமன்று. அவ்வாறே வாழ்வோர் வாழ்க. மருத்துவம் வேண்டுவோர் இருபதுகளில் அவசரப்படாதிருங்கள். உதிர்வு எங்கே நிற்கும் என்பது அவ்வகவையில் தெரியாது. நட்டதற்குப் பின்னே உள்ளது உதிர்ந்தால் நடுவே தீவொன்று நிற்கும். அறுவைக்கு முன் மருத்துவரின் பெயரையும் பதிவெண்ணையும் பட்டத்தையும் கேளுங்கள். 2016இல் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே முடிமாற்று அறுவையை அடுத்து உயிரிழந்தார். இஃது ஒப்பனையன்று, அறுவை. காணொளியையும் பயிலரங்கையும் கண்டு கற்றுக்கொண்டு இதனைச் செய்யலாகாது, முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே செய்தல் வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியுள்ளது. ஐயாயிரம், ஆறாயிரம் என்று எண்ணிக்கை பேசுவோரிடம், பிடரியில் எவ்வளவு மிஞ்சும் என்று திருப்பிக் கேளுங்கள்.

பெரியோர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். செய்துகொண்டவர் எவராயினும், இளையவர் ஒருவர் தாழ்ந்த குரலில் வந்து கேட்டால், சுற்றியிருப்போரைப் பாராமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அம்மாணவர் இக்கட்டுரையை எழுத இசைவு தந்தார். பெயரையும் ஊரையும் மட்டும் விலக்கச் சொன்னார். சென்ற ஆண்டு இறுதியில் அவருக்குத் திருமணம் நடந்தது. பேச்சு முடியுமுன்னரே அவர் பெண்வீட்டார்முன் குல்லாயைக் கழற்றிக் காட்டிவிட்டாராம். நிக்காஹ் அவையில் நம்மை அழைத்துத் தம் அருகே அமர்த்திக்கொண்டார். அவர் தொப்பியணிந்திருந்தார், நாமும் அணிந்திருந்தோம்.